யவனரும் யூனானியும்: ஜொகூரில் கேட்கப்படும் கிரேக்க வினாக்கள் சில

பண்டைக் கிரேக்கத்தைப் பற்றி ஜொகூர்த் தமிழ் மாணவர் கேட்கும் வினாக்கள் ஏதென்ஸ் நகரத்தில் தொடங்குவதில்லை. மக்களாட்சி எவ்வாறு தோன்றியது, சாக்ரட்டீஸ் ஏன் நஞ்சருந்தினார், திராய் நகரப் போர் உண்மையில் நடந்ததா என்பன பாடநூல் வினாக்கள். அவற்றிற்கான விடைகள் பாடநூல்களிலேயே கிடைக்கும். வகுப்பு முடிந்து நூல்களை மூடிய பின்னர் எழுகின்ற வினாக்கள் வேறு. அலெக்சாந்தர் மலாயாவுக்கு வந்தாரா? யவனர் என்போர் கிரேக்கரா, உரோமரா? கிரேக்கர் ஜொகூரை அறிந்திருந்தனரா? அவர்களுக்கு முன்னரே நாம் இங்கு வந்துவிட்டோமா? இவற்றுள் இறுதி வினாவே ஏனைய மூன்றுக்கும் வேர் என்பது பல ஆண்டுகள் கற்பித்த பின்னரே எனக்கு விளங்கியது.

ஜொகூர்த் தமிழருள் பெரும்பாலோரின் குடும்ப வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ ஒரு கப்பற் பயணத்துடன் தொடங்குகிறது. நானும் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவனே. பாட்டனார் பால்மரம் வெட்டினார் என்பதற்கு முந்திய செய்தி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ‘நீங்கள் நேற்று வந்தவர்கள்’ என்ற சொல்லைப் பள்ளித் திடலில் ஒரு முறையேனும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொன்மையான சான்று ஒன்று தேவைப்படுகிறது. அச்சான்றைத் தமிழ் நூல் தருமாயின் அது தன் புகழ்ச்சி எனத் தள்ளப்படலாம். கிரேக்கன் எழுதிவைத்தான் என்றால் யாரும் மறுக்கவியலாது என்று அப்பிள்ளை எண்ணுகிறது. ஆகவே கிரேக்க வரலாறு ஈண்டு நம்முடைய வழக்கில் அயலவர் கூறும் சாட்சியமாகவே கேட்கப்படுகிறது. அச்சாட்சி எவ்வளவு சொல்கிறது, எங்கே வாய்மூடிக் கொள்கிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே சொல்லின் இரு உருவங்கள்

வரலாற்றாசிரியர் வெண்பலகையில் மலாய்மொழியில் ‘யூனானி’ என்று எழுதுகிறார். அடுத்த பாடவேளையில் தமிழாசிரியர் ‘யவனர்’ என்கிறார். இரண்டும் ஒரே சொல் என்பதை மாணவர் அறிவதில்லை. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்ற நிலப்பகுதி இருந்தது. அங்கு வாழ்ந்த கிரேக்கக் குடியினரையே பாரசீகர் முதலில் எதிர்கொண்டனர். ஆதலின் கிரேக்கர் அனைவரையும் ‘யவுனா’ என்று அவர்கள் குறித்தனர். அப்பெயர் அரபு வழியில் ‘யூனான்’ ஆகி, மலாயில் ‘யூனானி’ ஆயிற்று. பிராகிருதத்தில் ‘யோன’, வடமொழியில் ‘யவன’, தமிழில் ‘யவனர்’ என்று மற்றொரு கிளை வளர்ந்தது. கிரேக்கரோ தம்மை ஹெல்லெனர் என்றே அழைத்துக் கொண்டனர். ‘கிரேக்கர்’ என்பதும் உரோமர் தம் இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரின் வழிவந்ததே. தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய ‘சோனகர்’ என்ற சொல்லையும் இதே வேரிலிருந்து வந்ததாகவே அறிஞர் கொள்வர். மேற்றிசையிலிருந்து கடல்வழி வந்தவர் யாராயினும் அவருக்கு இப்பெயர் பொருந்திற்று போலும்.

தமிழ் வேந்தரும் கிரேக்க வேந்தரும் ஒரே ஆவணத்தில் பெயர் சுட்டப்பெறுவது அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாந்தர் என்ற ஐந்து யவன அரசர்களை மேற்கில் வைத்து, தெற்கில் தாமிரபரணி வரையுள்ள சோழரையும் பாண்டியரையும் கூறுகிறது. இவ்வலெக்சாந்தர் மாவீரர் அல்லர். அவருக்குப் பின்வந்த சிற்றரசர் ஒருவர். மாவீரர் அலெக்சாந்தர் கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனை வென்று, பியாஸ் ஆற்றை அடைந்து, மேற்செல்ல மறுத்த படையுடன் திரும்பி, கி.மு. 323இல் பாபிலோனில் மாண்டார். விந்திய மலைக்குத் தெற்கே அவர் நிழலும் விழவில்லை. அவர் பெயர் ஜொகூருக்கு வந்தது வேறு வழியில். அதனைப் பின்னர்க் காண்போம்.

யவனர் கிரேக்கரா, உரோமரா என்ற வினாவுக்கு இரண்டும் என்பதே விடை. இதைச் சொன்னால் மாணவர் நான் மழுப்புவதாக நினைக்கின்றனர். கி.மு. 30இல் எகிப்து உரோம ஆட்சிக்குட்பட்டது. அதன்பின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல்கள் பெருகின. மியோஸ் ஹொர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் சென்றதாக ஸ்திராபோ எழுதுகிறார். கப்பலில் பேசிய மொழி கிரேக்கம்; பையிலிருந்த காசு உரோமப் பேரரசருடையது; துறையில் செலுத்திய வரி உரோமுக்குச் சென்றது. வியன்னாவில் பாதுகாக்கப்பெறும் முசிறித் தாளோலை இதற்கு நேர்ச்சான்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, 1985இல் பதிப்பிக்கப்பெற்ற அக்கிரேக்க ஆவணம், முசிறிக் கடன் ஒப்பந்தத்தையும் ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் கொணர்ந்த சரக்கின் மதிப்பையும் தருகிறது. கங்கைச் சடாமாஞ்சி, தந்தம் முதலியன அடங்கிய அச்சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்தர்ஸ். பொன்னொடு வந்து மிளகொடு திரும்பும் யவனர் கலத்தை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாடலில் கூறியதற்கு இக்கணக்கே உரை எனலாம். யவனர் தந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடலும், யவனர் செய்த விளக்கை நெடுநல்வாடையும், பாசறைக் காவலில் நின்ற யவனரை முல்லைப்பாட்டும் குறிக்கின்றன. புலவர்கள் யவனரை வியந்து வழிபடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் கண்ட யவனர் வணிகர், கைவினைஞர், கூலிக்குக் காவல் நின்றோர்.

சொற்கடன் பற்றிய வினா ஆண்டுதோறும் தவறாது வரும். ‘அரிசி’யே கிரேக்கத்தில் ‘ஒருசா’ ஆயிற்று என்று கால்டுவெல் காலந்தொட்டுச் சொல்லி வருகிறோம். ஆனால் அச்சொல் ஈரானிய மொழிகளின் வழியாகக் கிரேக்கத்தை அடைந்தது என்ற கருத்தே இன்று வலுப்பெற்றுள்ளது. இஞ்சியின் நிலை வேறு. ‘இஞ்சிவேர்’ என்ற தொடர் பாலியில் ‘சிங்கிவேர’ எனவும் கிரேக்கத்தில் ‘சிங்கிபெரி’ எனவும் சென்றது என்பதில் மொழியியலார் பெரும்பாலும் உடன்படுகின்றனர். மறுபுறம், நாம் கொண்ட கடனை நாம் அதிகம் பேசுவதில்லை. சுருங்கை, மத்திகை ஆகிய சங்கச் சொற்களுக்குக் கிரேக்க மூலம் கூறுவர். இவற்றை விட எளிய சான்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நாட்காட்டியில் ‘சுக்கிர ஓரை’ பார்த்து நற்செயல் தொடங்கும் நம் தாய்மார், ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லையே நாள்தோறும் வழங்குகின்றனர். சோதிடத்தில் ‘கேந்திரம்’ என்பதும் ‘கென்ட்ரோன்’ என்ற கிரேக்கச் சொல்லே. இதைக் கேட்ட மாணவி ஒருவர் தம் பாட்டியாரிடம் சொன்னாராம், பாட்டியார் நம்பவில்லையாம்.

இஸ்கந்தார் ஜொகூருக்கு வந்த வழி

ஜொகூரில் வாழ்வோர்க்கு அலெக்சாந்தரின் பெயர் அன்றாட வழக்கு. 1981 முதல் 2010 வரை அரசாண்ட சுல்தான் இஸ்கந்தாரின் பெயரால் 2006இல் தென் ஜொகூரின் மேம்பாட்டு வட்டாரம் அமைந்தது. அவர் பெயரே இன்று இஸ்கந்தார் புத்திரி என்ற மாநகர்ப் பெயரிலும் உள்ளது. அலெக்சாந்தரோஸ் என்ற பெயரின் முதல் அசையான ‘அல்’ என்பதைத் தம் மொழியின் சுட்டு இடைச்சொல்லாக அரபியர் கொண்டனர். அதனை நீக்கி, இடையிலுள்ள ‘க்ஸ்’ ஒலியை ‘ஸ்க்’ என மாற்ற, ‘இஸ்கந்தர்’ பிறந்தது. இவ்வொலியைக் கேட்டு, முருகனாகிய ஸ்கந்தனே அலெக்சாந்தர் எனச் சொல்வாரும் உளர். ஓர் அரபு ஒலிமாற்றத்தின் விளைவை அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய வடமொழிப் பெயருடன் பொருத்துவது பொருந்தாது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் நின்று நோக்க வேண்டியது ‘செஜாரா மெலாயு’ என்னும் நூல். 1612ஆம் ஆண்டு ஜொகூர் ஆற்றங்கரையில் அரசவை இருந்த காலத்தில் அந்நூலைத் தொகுத்தமைக்கும் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயருக்கும் தொடர்புண்டு. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அதன் முதல் இயல் மக்கெடோனியாவின் ராஜா இஸ்கந்தாரிலிருந்தே தொடங்குகிறது. அவர் கதிரவன் எழுமிடம் காணச் செல்கிறார். இந்திய எல்லையில் கீதா ஹிந்தி என்ற மன்னனை வெல்கிறார். அவன் மகளை மணக்கிறார். அம்மரபின் தொடர்ச்சியாகத் தென்னிந்தியக் கரையில் பேரரசன் ஒருவன் தோன்றிச் சீனத்தை வெல்லப் புறப்படுகிறான். பதிப்புக்குப் பதிப்பு சூரான், சூலான், சோழான் என்று பெயர்கள் இடம் மாறுகின்றன. அவன் பேராக்கின் கங்கா நகரத்தை அழிக்கிறான். பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற் கோட்டை கொண்ட கெலாங்கியைக் கைப்பற்றுகிறான். தெமாசிக் வரை வருகிறான்.

ஜொகூர் பாருவில் நடைபெற்ற ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் இப்பகுதியை விளக்கியபோது, முன்வரிசையில் இருந்த ஆசிரியர் எழுந்து, “ஐயா, அப்படியானால் ராஜா சூரான் இராசேந்திர சோழனே என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?” என்று கேட்டார். அரங்கம் முழுவதும் ‘ஆம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்ததை உணர்ந்தேன். சொல்லக்கூடாது என்றே விடையிறுத்தேன். பலர் முகம் வாடியது.

அவ்விடைக்கான காரணத்தை அன்று நிறுத்தி விளக்க நேரமில்லை. இங்கு விளக்குவேன். இராசேந்திரனின் கடற்படையெடுப்பு 1025ஆம் ஆண்டினது. மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், கடாரம் முதலிய பெயர்களை அடுக்குகிறது. ஜொகூர் ஆற்றங்கரை என ஐயமின்றிக் காட்டத்தக்க பெயர் எதுவும் அதில் இல்லை. செஜாரா மெலாயு எழுந்தது ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின்னர். ‘சூலான்’ என்ற பெயரில் சோழர் நினைவு தங்கியிருப்பது மிகவும் பொருந்தும். ஆனால் பெயர் தங்குவது வேறு, நிகழ்ச்சி தங்குவது வேறு. அம்மன்னனின் கதையில் ஒரு பகுதி இதனைத் தெளிவாக்குகிறது. அவன் கண்ணாடிப் பேழையினுள் அமர்ந்து கடலடிக்கு இறங்குகிறான். அங்கு ஒரு நாட்டைக் காண்கிறான். அந்நாட்டு இளவரசியை மணக்கிறான். கண்ணாடிக் கலத்தில் கடலடிக்கு இறங்கும் இக்கதை சோழருடையதன்று. கிரேக்க மொழியில் எழுந்த அலெக்சாந்தர் புனைகதையின் சில வடிவங்களில் அலெக்சாந்தரே அவ்வாறு இறங்குகிறார். அக்கதை பல மொழிகளில் பெயர்க்கப்பெற்று, அரபு வழியாக மலாயுலகை அடைந்து, அவருடைய வழித்தோன்றலாகக் கூறப்பெற்ற தென்னிந்திய மன்னனின் மேல் படிந்துவிட்டது.

எனவே அலெக்சாந்தர் ஜொகூருக்கு வந்தாரா என்ற வினாவுக்கு, கதையாக வந்தார், சோழனின் உடையணிந்து வந்தார் என்பது விடை. இதனை இழப்பாக நான் கருதவில்லை. மலாய் அரசமரபு தன் பெருமைக்குரிய மூதாதையரைத் தேடியபோது ஒரு கிரேக்கனையும் ஒரு தமிழனையும் ஒன்றாக்கிக் கொண்டது என்ற செய்தி, இராசேந்திரன் இந்த ஆற்றில் இறங்கினான் என்ற சான்றற்ற செய்தியினும் வலியது. அந்நூலை ஏறத்தாழ 1840இல் சிங்கப்பூரில் அச்சேற்றிய முன்ஷி அப்துல்லாவும், மலாக்காவில் பிறந்து இளமையில் தமிழ் கற்றவரே. அவருடைய முன்னோரில் தமிழகத்துப் பெண்ணும் ஒருவர்.

கருங்கற் கோட்டையைத் தேடியோரும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜொகூர்க் காட்டினுள் கோத்தா கெலாங்கி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று நாளேடுகள் முதற்பக்கத்தில் எழுதின. தமிழ் நாளேடுகளைப் படித்த நம்மவரின் நெஞ்சும் விம்மிற்று. அரசு அமைத்த ஆய்வுக் குழுவினர் தேடியும் அத்தகைய நகரின் தடயம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு 2006 ஏப்ரலில் வந்தபோது, அதனைப் படித்தவர் மிகச் சிலர்.

தாலமி அறிந்த தீபகற்பம்

கிரேக்கர் ஜொகூரை அறிந்திருந்தனரா? கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் புவியியல் நூல், கங்கைக்கு அப்பாற்பட்ட இந்தியாவில் ‘பொற்றீபகற்பம்’ ஒன்றைக் குறிக்கிறது. அது மலாய்த் தீபகற்பமே என்பது பெரும்பாலோர் ஒப்பும் முடிவு. தக்கோலா, சபானா என்ற வணிகத் துறைகள், பாலண்டாஸ் என்ற ஆற்று முகம், மலெயு கோலோன் என்ற முனை, கொக்கோநகரா என்ற உள்நாட்டு ஊர் எனப் பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நிலநேர்க்கோடும் அகலக்கோடும் தருகிறார். பாலண்டாஸ் ஜொகூர் ஆறே என்று கருதிய அறிஞர் உண்டு. வரிசை முறையை நோக்கின் அது இயலாததன்று. மலெயு கோலோனில் தமிழ் ‘மலை’யைக் கேட்டோரும் ‘மலாயு’வைக் கேட்டோரும் உண்டு. கேட்பது எளிது. தாலமி எகிப்தைவிட்டு வெளிச்சென்றவர் என்பதற்குச் சான்றில்லை. கடலோடிகளின் பயண நாள்களை அளவாக மாற்றியே வரைபடம் அமைத்தார். இந்தியப் பெருங்கடலை நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஏரியாகவும் கொண்டார். நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கச் சுவடிகளோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு முற்பட்டவையல்ல. படியெடுத்தோர் கையில் எண்களும் பெயர்களும் சிதைந்தன. பால் வீட்லி 1961இல் வெளியிட்ட ‘பொற்றீபகற்பம்’ பற்றிய நூலைப் படித்தபின்னரும் பாலண்டாசுக்காகச் சூளுரைக்க நான் முன்வரேன்.

ஆயினும் தாலமியின் நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. பொற்றீபகற்பத்திலிருந்து கட்டிகாரா என்ற துறை வரை உள்ள தொலைவைக் கணக்கிடும்போது, தமக்கு முன் எழுதிய தீரு நகரத்து மரீனசைச் சான்று காட்டுகிறார். மரீனஸ் தம் செய்தியைப் பெற்றது மற்றொருவர் எழுத்திலிருந்து. பொற்றீபகற்பத்திலிருந்து இருபது நாளில் சபாய் என்ற நகரை அடையலாம் என்று எழுதிய அவரைக் கடலோடி என்றே அறிஞர் பலரும் கொள்கின்றனர். அவர் பெயர் அலெக்சாந்தர். இப்பகுதிக் கடலைப் பற்றி எழுதிய அலெக்சாந்தர் ஒருவர் உண்மையில் இருந்தார். அவர் அரசர் அல்லர். வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பொலி எழும்.

ஜொகூரின் குனோங் லேடாங்கை ஐரோப்பியர் ‘ஓஃபிர் மலை’ என்று வரைபடங்களில் எழுதியதற்கும் கிரேக்க நூல் ஒன்று தொலைதூரக் காரணம். சாலமோன் மன்னன் பொன் கொணர்ந்த நாடு இந்தியாவைச் சார்ந்த பொன்னாடே என்று முதல் நூற்றாண்டில் யோசேப்பஸ் கிரேக்கத்தில் எழுதினார். பொன்னாடு மலாயா எனக் கொண்டபின், பொன் கிடைத்த மலைக்கு அப்பெயர் எளிதில் ஒட்டிற்று.

தாலமிக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்திய ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் கிரேக்க நூல் நம் வினாவுக்கு இன்னும் நெருங்கியது. எகிப்திலிருந்து வந்த பெயரறியா வணிகர் எழுதியது அது. சோழக் கரையில் கமரா, பொதுக்கே, சோபட்மா என்ற துறைகளைக் கூறி, அங்கு நிற்கும் கலங்களை வகைப்படுத்துகிறார். தமிழகக் கரையோரம் செல்லும் கலங்கள். மரங்களைப் பிணைத்து அமைத்த ‘சங்கரா’. பின்னர், கங்கைக்கும் ‘கிறிசே’ எனும் பொன்னாட்டுக்கும் செல்லும் ‘கொலந்தியோபொந்தா’ என்ற மிகப்பெரிய கலங்கள். தமிழகத் துறைகளிலிருந்து இத்திசைக்குக் கப்பல் சென்றது என்பதற்குக் கிரேக்கன் எழுதிவைத்த சாட்சியம் இதுவே. காழகத்துப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுவதையும், காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என உரைத்ததையும் இதனுடன் வைத்து நோக்கலாம்.

ஆனால் அம்மாபெரும் கலங்கள் யாருடையவை? நூல் சொல்லவில்லை. நாம் அவை தமிழர் கலங்களே என்று நீண்டகாலமாகக் கொண்டோம். அப்பெயர் சீனர் தென்கிழக்காசியக் கப்பல்களுக்கு வழங்கிய ‘குன்லுன் போ’ என்பதன் திரிபாகலாம் என்ற கருத்து 1957இல் முன்வைக்கப்பெற்றது. அறிஞர் பலர் அதனை ஏற்றுள்ளனர். அது சரியாயின், சோழத் துறையில் நின்ற மிகப்பெரிய கப்பல்கள் இத்தீவுகளின் மக்கள் ஓட்டி வந்தவை. நாம் முதலில் இங்கு வந்தோமா என்று கேட்கும் மாணவர்க்கு, இவர்கள் அங்கு வந்திருந்தனர் என்று விடை சொல்ல நேரும்.

கோத்தா திங்கியின் மணிகள்

என் தவறு ஒன்றையும் இங்குப் பதிவு செய்தல் தகும். பல ஆண்டுகள் நான் வகுப்பில், ஜொகூர் ஆற்றங்கரையில் உரோம மணிகள் கிடைத்தன என்று உறுதியாகக் கூறி வந்தேன். மூலம் நம்பத்தக்கதாகவே இருந்தது. ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர், கோத்தா திங்கிப் பகுதியிலும் ஆற்றங்கரைகளிலும் திரட்டிய மணிகளை ஆராய்ந்து, மலாயாவுக்கும் உரோமப் பேரரசுக்கும் இருந்த தொடக்ககாலக் கடல் தொடர்பின் சான்று இவை என 1937இல் அரச ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். (இவரே பின்னாளில் இங்கிலாந்தில் ‘விக்கா’ என்ற மாந்திரிக நெறியைத் தோற்றுவித்தவர். ஜொகூர் மண் எவரையெல்லாம் தாங்கியிருக்கிறது என்று வியக்கத் தோன்றும்.) மணியியல் வல்லுநர் ஒருவரும் சிலவற்றை உரோமத்தவை என ஏற்றிருந்தார்.

இங்கிலாந்தில் முனைவர்ப் பட்ட ஆய்வில் இருந்த நாளில், மண்ணடுக்கு முறையாகப் பதிவு செய்யப்பெறாத பொருள்களைக் கொண்டு காலம் கணிக்கும் இடரை என் நெறியாளர் ஓயாது எச்சரிப்பார். அவ்வெச்சரிக்கையை ஏனைய நாட்டுச் சான்றுகளுக்குப் பொருத்தினேன். என் சொந்த மாநிலத்தின் மணிகளுக்குப் பொருத்தவில்லை. அம்மணிகள் முறையான அகழ்விலிருந்து வந்தவையல்ல. ஜொகூர் லாமா 1587இல் போர்த்துகீசியர் அழித்த பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை நகர். 1953இலும் 1960இலும் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள் அக்காலத்தையே வெளிக்கொணர்ந்தன. ஒரே வடிவிலான கண்ணாடி மணிகள் பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் செய்யப்பெற்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. அரிக்கமேட்டிலேயே இதனையொத்த பாடம் உண்டு. 1945இல் வீலர் அங்கு அகழ்ந்தபோது மத்தியதரைக் கடற் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதிய சக்கர வரிப் பானை ஓடுகள், பிற்கால ஆய்வுகளால் இந்தியாவில் வனையப்பெற்றவையே என்று அறியப்பட்டன. தென்கிழக்காசியா எங்கும் கிடைக்கும் சிறுகண்ணாடி மணிகளின் தொடக்ககால ஆலைகளுள் ஒன்று அரிக்கமேடு என்பதும் இன்று ஏற்கப்படுகிறது. யவனர் தந்தவை எனக் கொண்டாடிய பலவும் நம் கைவினைஞர் செய்தவையாக மாறின. அதில் நமக்கு இழப்பு என்ன என்று எனக்கு விளங்கவில்லை; எனினும் ‘உரோமம்’ என்ற சொல் நீங்கியவுடன் மாணவரின் ஆர்வம் தணிவதைக் கண்டிருக்கிறேன்.

ஐயத்துக்கிடமின்றி மேற்கிலிருந்து வந்த பொருள்கள் இப்பகுதியில் இல்லாமலில்லை. வியட்நாமின் ஓக் இயோவில் 1944இல் மல்லெரே அகழ்ந்தபோது, அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ் ஆகியோர் காலத்துப் பொற்பதக்கங்கள் கிடைத்தன. கி.பி. 166இல் ‘அந்துன்’ என்ற தாச்சின் அரசனின் தூதர் எனக் கூறிக்கொண்டோர் தெற்குக் கடல்வழியாகச் சீனத்தை அடைந்ததாகச் சீன வரலாறும் சொல்கிறது. ஆனால் இவை எதுவும் ஜொகூரில் இல்லை.

தக்கோலம் கேட்ட மூன்று குரல்கள்

தாலமி பொற்றீபகற்பத்தில் முதலில் கூறும் துறை தக்கோலா. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலும் தக்கோலம் உண்டு. இடையே பாலி நூலொன்றும் அதனை அறியும். ‘மிலிந்தனின் வினாக்கள்’ என்னும் அந்நூலில் வினவுபவன் மினாந்தர் என்ற கிரேக்க அரசன், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். விடை கூறுபவர் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி. செல்வம் மிக்க கப்பல் உடையவன் செல்லும் துறைகளை ஓர் உவமையில் அடுக்கும்போது தக்கோலம், சீனம், சுவர்ணபூமி, அலசந்தா ஆகியவை ஒருங்கே வருகின்றன. அலசந்தா என்பது அலெக்சாந்திரியா. கிரேக்கம், பாலி, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே துறையின் பெயரை ஏறத்தாழ ஒரே ஒலியில் காத்து வந்திருப்பது அரிய செய்தி. அத்துறை தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருந்திருக்கலாம் என்பர்.

அக்கரையில்தான், கிராபி மாநிலத்தின் குவான் லுக் பாட் என்ற இடத்தில், கிரேக்க உரோமப் பாணியில் செதுக்கிய முத்திரைக் கற்களும் எண்ணற்ற மணிகளும் கிடைத்தன. ‘மணிமேடு’ என்பதே அவ்விடத்தின் பெயர்ப்பொருள். அவற்றோடு பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கட்டளைக்கல் ஒன்றும் கிடைத்தது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டின் தமிழ்ப் பிராமி எழுத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. பெரும்பதன் என்ற பொற்கொல்லன் தன் கருவி தொலையாதிருக்கத் தன் பெயரை அதில் எழுதிக்கொண்டான். அவன் அரசன் அல்லன். படையுடன் வந்தவன் அல்லன். வேலை கிடைக்கும் துறையைத் தேடிக் கடல் கடந்தவன். குளோங் தோம் நகரத்து விகாரை அருங்காட்சியகத்தில் அக்கல்லைப் பார்த்தபோது, தீப்பெட்டி அளவேயான அதன்முன் நெடுநேரம் நின்றேன். என்னுடன் வந்திருந்த மாணவர்களுள் ஒருவர், தோட்டத்து இளைஞர், என் காதருகே வந்து, “ஐயா, இவர் திரும்பி ஊருக்குப் போனாரா?” என்று கேட்டார்.